கத்திபோ வாழும் கரை

சிலந்தி நம் சமயத்தவர்க்குப் புதிய உயிரன்று. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளியிருந்த இறைவன்மீது சருகு விழாதவாறு நூற்பந்தர் இட்ட சிலந்தியே, மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்து திருக்கோயில்கள் பல எடுப்பித்தது என்று பெரியபுராணம் கூறும். சீகாளத்தி என்னும் திருத்தலப் பெயரிலும் முதலில் நிற்பது சிலந்தியே. பாம்பும் யானையும் அதன் பின்னரே வருகின்றன. இத்துணைப் பெருமை வாய்ந்த உயிரை நாம் இன்று நினைப்பது எப்பொழுது? தைப்பொங்கலுக்கு முன்னர் வீடு துப்புரவு செய்யும் நாளில், நீண்ட தடியின் நுனியிலே தும்புத்தடியைக் கட்டிக் கூரை மூலைகளில் ஒட்டறை அடிக்கும் பொழுதுதான்.

அவ்வாறு மூலைமுடுக்குகளில் ஒழுங்கற்ற சிக்கல் வலை பின்னும் சிலந்திகளை உயிரியல் அறிஞர் ஒரு தனிக் குடும்பமாக வகுத்துள்ளனர். உலகெங்கணும் 2,500க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் அது. அவற்றுட் சில மனிதனோடு ஒட்டிக்கொண்டு, கூரை விட்டுக் கூரையும் கப்பல் விட்டுக் கப்பலும் மாறி, உலகம் முழுவதையும் தம் ஊராக்கிக் கொண்டவை. ஆனால் அதே குடும்பத்திற் பிறந்தும், ஒரே ஒரு நாட்டிலன்றி வேறெங்கும் வாழாததாய், அந்நாட்டிலும் கடலோர மணற்குன்றுகளிலன்றி வேறிடத்திற் குடிகொள்ளாததாய் ஓரினம் உண்டு. நாடு, நியூசிலாந்து. சிலந்தியின் பெயர், கத்திபோ.

அக்கத்திபோவை அதன் சொந்த நிலத்திலே காணும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் எமக்குக் கிட்டியது. கண்டது சிறிது, அதனைப்பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தது பெரிது. ஓர் உயிரின் வாழிடம் இன்னது என்று பாடநூல்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கும் பொருள் எவ்வளவு என்பதை அக்கடற்கரை எமக்கு விளக்கிற்று. அதனையே இங்கு எழுதப் புகுந்தோம்.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே

நியூசிலாந்து, வடதீவு தென்தீவு என்னும் இரு பெருந்தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த சிறு தீவுகளையும் கொண்ட நாடு. தென்தீவின் கிழக்குக் கரையிலே உள்ள பெருநகரம் கிறைஸ்ட்சேர்ச். அந்நகரிலிருந்து தெற்கு நோக்கி மோட்டார் வண்டியில் முக்கால் மணி நேரம் சென்றால், ஒருபுறம் மலைகளும் மறுபுறம் நீர்ப்பரப்புமாக நிலத்தின் தோற்றம் மாறுகின்றது. மலைகள் பாங்ஸ் குடாநாட்டைச் சேர்ந்தவை. எத்தனையோ இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவிந்துபோன எரிமலைகளின் எச்சங்கள். நீர்ப்பரப்பு, தே வைஹோரா என்னும் ஏரி. பரந்த நீர் என்பது அப்பெயரின் பொருளாகும். சுமார் 200 சதுர கிலோமீற்றர் பரந்து கிடந்தாலும், பெரும்பாலான இடங்களில் ஆழம் ஓர் ஆளின் உயரத்தை எட்டுவதில்லை. விலாங்கும் தட்டை மீனும் நிறைந்த அவ்வேரியை, மாவோரி மக்கள் தம் முன்னோன் ஒருவனுடைய மீன்கூடை என்றும் அழைப்பர்.

இவ்வேரியைப் பசிபிக் சமுத்திரத்திலிருந்து பிரித்து நிற்கும் ஒடுங்கிய நிலமே கைத்தோரெத்தே. வடமராட்சி கிழக்கிலே, கடலுக்கும் கடனீரேரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் நிலத்தை அறிந்த வாசகர் அதனை ஒருவாறு மனக்கண்ணிற் காணலாம். நீளம் ஏறக்குறைய 25 கிலோமீற்றர். கிழக்கே மலையடியில் அகன்றும், மேற்கே செல்லச் செல்ல ஒடுங்கியும் அது அமைந்துள்ளது. மலைகளிலிருந்து ஆறுகள் உருட்டி வந்த கற்களையும் மணலையும் கடலலை கரையோரமாகத் தள்ளித் தள்ளி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளிற் கட்டி முடித்த அணை அது.

கிழக்கு முனையில் பேட்லிங்ஸ் பிளாற் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே கரை முழுவதும் கூழாங்கற்கள். அலை வந்து மீளும்போதெல்லாம் அத்தனை கற்களும் ஒன்றோடொன்று உராய்ந்து, ஒரு பெரிய சுளகிலே நெல்லைப் போட்டுப் புடைப்பது போன்ற ஓசை எழுகிறது. அழகிய அகேற்றுக் கற்களைப் பொறுக்குவதற்காகக் குனிந்த தலை நிமிராது நடப்போரைக் கண்டோம். கடலில் இறங்கியவர் ஒருவரையும் கண்டிலோம். கரை சடுதியாக ஆழ்ந்து செல்வதால் அக்கடல் குளிப்பதற்குரியதன்று.

ஊரைக் கடந்து மேற்கே செல்லச் செல்லக் கல் குறைந்து மணல் மிகுகின்றது. மணற்குன்றுகளின்மேல் பொன்னிறமான ஒருவகைக் கோரை, கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டு விட்டு நிற்கிறது. பீங்காவ் என்பது அதன் பெயர். நியூசிலாந்திற்கே உரிய இக்கோரை மிகப் பரந்து எஞ்சியிருக்கும் இடம் கைத்தோரெத்தே என்பர். மாவோரி மக்கள் இதன் ஓலையை உலர்த்தி, சாயம் எதுவும் தோய்க்காமலே பொன்மஞ்சள் நிறம் பெற்று, தம் சபை மண்டபச் சுவர்களை அலங்கரிக்கும் பின்னல் வேலைக்குப் பயன்படுத்துவர். இக்கோரையின் அடியிலும், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளின் கீழுந்தான் கத்திபோ குடியிருக்கிறது.

குன்றிமணி போன்ற சிலந்தி

எம்முடன் வந்தவர், முன்னர் எம்மிடம் பயின்று இப்பொழுது அந்நகரில் வாழும் ஓர் இளைஞர். ஓய்வு நாள்களில் மணற்குன்றுகளிலே கோரை நடும் தொண்டர் குழு ஒன்றிற் சேர்ந்து உழைப்பவர். வெயிலில் வெளுத்துக் கிடந்த ஒரு மரத்துண்டை நாம் கூர்ந்து நோக்குவதைக் கண்டதும், "சேர், அதைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. சட்டமும் இடந்தராது, சிலந்தியும் இடந்தராது" என்றார்.

ஆகவே ஒன்றையுந் தொடாமல், கோரைக் கொத்துகளின் அருகே மண்டியிட்டுக் குனிந்து நோக்கினோம். நெடுநேரம் மணலையும் வேரையுமன்றி வேறொன்றும் தென்படவில்லை. பின்னர், சாய்ந்த வெயிலிலே சில நூலிழைகள் மின்னின. அவற்றைப் பின்பற்றி விழியை உள்ளே செலுத்தியபோது, தண்டுகளின் நிழலிற் கரிய மணியொன்று தொங்கியது. அதுவே கத்திபோவின் பெண்.

குன்றிமணியின் நிறங்களை இடம் மாற்றினால் எவ்வாறிருக்கும்? சிவப்பு மிகுந்து கறுப்புச் சிறுத்திருப்பதற்குப் பதிலாக, கறுப்பு மிகுந்து சிவப்புச் சிறுத்திருக்கும் அன்றோ? கத்திபோ ஏறக்குறைய அத்தோற்றமுடையது. அளவும் குன்றிமணியிற் சற்றே பெரியது. வளர்ந்த பெண்ணின் உடல் சுமார் 8 மில்லிமீற்றர். பளபளக்கும் கரிய வயிற்றின் மேற்புறத்தில் முதுகு நெடுகச் செந்நிறக் கோடு ஒன்று ஓடுகிறது. அதன் இரு ஓரங்களிலும் வெள்ளைக் கரை. ஆணோ, பெண்ணின் பருமனில் ஆறில் ஒரு பங்கே உடையது. வெண்மை கலந்த நிறம். அதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

கத்திபோ என்பது மாவோரிச் சொல். கொட்டுதலைக் குறிக்கும் ஒரு சொல்லும், இரவைக் குறிக்கும் 'போ' என்னும் சொல்லும் சேர்ந்து, இரவிலே கொட்டுவது என்ற பொருளைத் தருகின்றன. பவல் என்பவர் 1871ஆம் ஆண்டில் இதனை அறிவியல் முறையில் விவரித்தபோது, அம்மாவோரிப் பெயரையே விஞ்ஞானப் பெயரின் பகுதியாக வைத்தார். அமெரிக்காவின் கரும்விதவைச் சிலந்தியும், அவுஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியும் இதன் நெருங்கிய உறவினர். செம்முதுகு இதற்கு உடன்பிறந்தாள் போன்றது எனலாம். ஆயினும் இருவர் குணமும் வேறு. செம்முதுகு மனிதர் வாழும் இடங்களிலே, கொட்டிலிலும் வேலியிலும் வெளிக் கழிவறையிலும் தயங்காது குடியேறும். கத்திபோ மணற்குன்றை விட்டு மனிதர் வீட்டை நாடுவதில்லை.

வலையும் வாழ்வும்

வட்டவட்டமாய் அழகு பொலியும் வலையை இக்குடும்பத்தாரிடம் எதிர்பார்க்கலாகாது. ஆனால் சிக்கற்குவியலாகத் தோன்றும் கத்திபோவின் வலையிலே நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. மேலே, தண்டுகளுக்கிடையில் நெருங்கிய இழைகளாலான இருப்பிடம். அதிலிருந்து வெறும் மணலை நோக்கி இழுத்துக் கட்டிய நூல்கள் பல இறங்குகின்றன. அவற்றின் அடிநுனியிற் பசை இருக்கும். இரவிலே மணலில் ஊர்ந்து திரியும் வண்டோ, கடற்கரையில் துள்ளித் திரியும் சிறு கூனிப்பூச்சியோ அந்நூலில் முட்டினால் ஒட்டிக்கொள்ளும். விடுபடத் துடிக்கும்போது நூல் மணலிலிருந்து அறும். இழுவிசை உடைய வலை இரையை அந்தரத்திலே தூக்கிவிடும். நிலத்திற் கால் பதியாத வண்டுக்கு வலிமை ஏது?

அப்போது சிலந்தி இறங்கி வந்து, தன் பின்கால்களால் பசைநூலை வாரி இரையின்மேல் வீசுகிறது. இக்குடும்பத்துச் சிலந்திகளின் கடைசிக் கால்களில் சீப்புப் பற்கள் போன்ற மயிர்வரிசை உண்டு; நூலை வாரி எறிவதற்கு அது துணை செய்கிறது. இரை நன்கு கட்டுண்ட பின்னரே கடி. பின்பு அதனை மேலே தூக்கிச் சென்று ஆறுதலாக உண்ணும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றை நம்பியே நிற்கிறது என்பதை வாசகர் மனங்கொள்ளவேண்டும். வலையைத் தாங்கத் தண்டு வேண்டும். அதே வேளை, இரை ஊர்ந்து வருவதற்குத் தண்டுகளுக்கிடையே வெறும் மணலும் வேண்டும். புல்லே இல்லாத மணலிலும் கத்திபோவுக்கு வாழ்வில்லை. மணலே தெரியாத புல்லிலும் வாழ்வில்லை. கடலுக்கு முதல் வரிசையில் உள்ள குன்றுகளின் தரைப்பக்கச் சரிவிலே, அலையும் புயலும் நேரே தாக்காத மறைவிலே அது பெரும்பாலும் தங்குவதும் இதற்கு இயைந்ததே.

அந்நாட்டின் பருவங்கள் நம் நாட்காட்டிக்கு ஒத்துவருவனவல்ல. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் அங்கே குளிர்காலம் கழிந்து வசந்தம் பிறக்கும் காலம். அப்போது ஆண் சிலந்தி பெண்ணின் வலையை நாடி வருகிறது. நவம்பர், டிசம்பரில் பெண், பாலாடை நிறமான உருண்டைப் பைகள் ஐந்து ஆறு கட்டித் தொங்கவிடும். ஒவ்வொரு பையிலும் 70 முதல் 90 வரை முட்டைகள் இருக்கும். ஏறக்குறைய ஆறு வாரங்களில் குஞ்சுகள் பொரிக்கின்றன. அவற்றுட் பல, புல்நுனியில் ஏறி நின்று, காற்றிலே நூலை மிதக்கவிட்டு, அந்நூலோடு தாமும் பறந்து புதிய இடம் தேடுகின்றன. நாம் கண்ட பெண்ணின் அருகே அத்தகைய பைகள் இரண்டு தொங்கின. ஒன்று வெறுமையாய்ச் சுருங்கியிருந்தது.

வடக்கே ஒரு நிறம், தெற்கே ஒரு நிறம்

இச்சிலந்தி நியூசிலாந்துக் கரை முழுவதிலும் வாழ்கிறதா என வினவினால், இல்லை என்பதே விடை. வடதீவின் கரைகளில் ஏற்ற குன்றுகள் உள்ளவிடமெல்லாம் அதற்கு இடமுண்டு. தென்தீவிலோ ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. மேற்குக் கரையில் கிறேமவுத் வரையும், கிழக்குக் கரையில் டனீடின் நகருக்குச் சற்று வடக்கேயுள்ள கரித்தானி வரையுமே அது காணப்படும். அதற்குத் தெற்கிலும் மணற்குன்றுகள் உண்டு, கோரை உண்டு, பூச்சிகள் உண்டு. கத்திபோ மட்டும் இல்லை.

காரணம் வெப்பம். அதன் முட்டைகள் உயிர்பெற்று வளர்வதற்கு 17 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும் என ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். தென்கோடியின் குளிர்ந்த கோடையில் அந்த வெப்பம் நிலைப்பதில்லை. தாய்ச் சிலந்தி காற்றேறிச் சென்று அங்கே இறங்கினாலும் அதன் வழி வளராது. எல்லையை வகுத்தது எந்த மதிலும் அன்று. ஒரு சிறு பைக்குள் இருக்கும் முட்டையே.

வடக்கே செல்லச் செல்ல நிறமும் மாறுகின்றது. வடதீவின் வட பாதியில், முதுகில் செங்கோடு இல்லாது முற்றுங் கரிய கத்திபோவே உண்டு. அதன் முட்டைகள் இன்னும் கூடிய வெப்பத்தை வேண்டுவன. 1890ஆம் ஆண்டில் ஏர்க்கட் என்பவர் இதனைத் தனியான ஒன்றாக விவரித்தார். நெடுங்காலம் இரண்டு வேறு இனங்கள் என்றே எண்ணப்பட்டு வந்தன. இரண்டும் கலந்து வாழும் இடைப்பட்ட கரைகள் உண்மையாலும், மரபணு ஆராய்ச்சியாலும், இவை ஓரினத்தின் இரு நிறங்களே என்பது 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று.

நஞ்சும் அச்சமும்

கத்திபோ நச்சுடையது என்பதை மறைத்தல் முறையன்று. நிலத்திற் பாம்பே இல்லாத நியூசிலாந்திலே, மனிதருக்குத் தீங்கு செய்யவல்ல நஞ்சுடைய உள்நாட்டுச் சிலந்தி இதுவொன்றே. இதன் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கடித்த இடத்தில் தொடங்கும் வலி மெல்ல மிகுந்து பரவும். வியர்வை, குமட்டல், வயிற்று நோவு முதலியன தொடரலாம். மாவோரி மக்கள் மணற்குன்றுகளின் அண்மையிலே படுத்துறங்க அஞ்சினர். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மரணங்கள் சில குறிக்கப்பட்டுள்ளன. அதன் பின்னர், இக்கடியால் இறந்தவர் என எவரும் பதிவாகவில்லை. அவுஸ்திரேலியாவில் செம்முதுகுச் சிலந்திக்கென 1956ஆம் ஆண்டு முதல் வழங்கும் மாற்று மருந்து கத்திபோவின் நஞ்சையும் முறிக்கும்.

கடி நேர்வதும் அரிது. கூச்சமே அதன் இயல்பு. தீண்டினால் கால்களை ஒடுக்கி உருண்டையாய்ச் சுருண்டு கீழே விழும். அல்லது அருகிலுள்ள மறைவுக்குள் ஓடும். விரலுக்கும் மரத்துண்டுக்கும் இடையே, அல்லது கரையிற் கிடந்த உடைக்கும் உடலுக்கும் இடையே நசுங்கும்போதுதான் அது கடிக்கும். முட்டைப்பையைக் காக்கும் தாய் சற்று அஞ்சாமை காட்டும். எந்தத் தாய்தான் காட்டாள்?

நன்மை கருதி நட்ட புல்

மனிதனைக் கத்திபோ துன்புறுத்தியது சிறிது. கத்திபோவை மனிதன் துன்புறுத்தியது, பெரும்பாலும் அவன் அறியாமலே நிகழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பியக் குடியேற்றக்காரர் வந்து, கடலோரக் காடுகளை எரித்து, ஆடு மாடுகளைக் குன்றுகளில் மேயவிட்டனர். வேர்ப்பிடி இழந்த மணல், காற்றோடு புறப்பட்டு வயலையும் பாதையையும் மூடத் தொடங்கியது. மணலைக் கட்டவேண்டும் என்று அவர்கள் கவலையுற்றதிற் குற்றமில்லை. தம் பழைய நாட்டுக் கடற்கரைகளில் மணலைக் கட்டிவைக்கும் மராம் என்னும் புல்லைக் கொணர்ந்து, கரை நெடுகிலும் நட்டனர். பின்பு அதன் மறைவிலே பைன் மரத் தோப்புகளையும் உண்டாக்கினர். ஒக்லாந்து நகருக்கு வடமேற்கே வுட்ஹில் என்னும் பெருங்காடு 1930ஆம் ஆண்டுகளில் அவ்வாறு மணலின்மேல் எழுந்ததே.

மராம் புல் தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆனால் அது பீங்காவைப்போல் இடைவெளி விட்டு வளர்வதில்லை. ஒன்றோடொன்று நெருங்கி, பாய் விரித்தாற்போல் மணல் முழுவதையும் மூடுகின்றது. கத்திபோவின் வலை இறங்குவதற்குரிய வெறும் மணல் மறைந்தது. மணல் அசையவில்லை, பயிர்ச்செய்கை பிழைத்தது, சிலந்தியின் வீடு மட்டும் போயிற்று. யாரும் அதனைத் துரத்தவில்லை. யாரும் நஞ்சு தெளிக்கவில்லை. கரை பச்சையாய், பார்ப்பதற்கு முன்னிலும் செழிப்பாய் இருந்தது. ஆகவே, அழிவு நடப்பது நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை.

வேறு இடர்களும் சேர்ந்தன. கடற்கரையில் வீடுகள் எழுந்தன. மணலிலே வண்டிகள் ஓடின. இச்சிலந்தி ஒதுங்கும் மரத்துண்டுகளை விறகுக்கெனப் பொறுக்கினர். தென்னாபிரிக்காவிலிருந்து, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சிலந்தி வந்து சேர்ந்தது. பார்வைக்குக் கத்திபோ போலவே இருப்பதால் அதனைப் பொய்க் கத்திபோ என்பர். வடதீவின் தென்மேற்குக் கரையில், வங்கனூயி முதல் வெலிங்டன் வரையுள்ள குன்றுகள் பலவற்றில் அது குடியேறியிருக்கிறது. கத்திபோ ஆண்டில் ஒரு பருவத்திலேதான் இனம் பெருக்கும். வந்த சிலந்தியோ ஆண்டு முழுவதும் பெருக்கும். புயலொன்று குன்றைக் கலைத்தபின், முதலிற் சென்று இடம் பிடிப்பது எது என்று கூறவும் வேண்டுமோ? 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து அவுஸ்திரேலியச் செம்முதுகும் நியூசிலாந்திற் காணப்படுகிறது. அதன் ஆண் கத்திபோப் பெண்ணோடு கூடிக் கலப்பினம் தோன்றக் கூடுமாதலால், அதுவும் கவலைக்குரியதாயிற்று.

இன்று எஞ்சியிருப்பவை சில ஆயிரமே என்றும், வடதீவில் சுமார் 50 இடங்களிலும் தென்தீவில் 8 இடங்களிலும் மாத்திரமே அவை வாழ்கின்றன என்றும் ஒரு மதிப்பீடு கூறுகின்றது. அந்நாட்டின் அடையாளமாகிய கிவிப் பறவையின் வகைகள் சிலவற்றைக் காட்டிலும் இது அரிது. கிவியின் உருவத்தை நாணயத்திற் பொறித்துப் போற்றுவர். சிலந்திக்கு அத்தகைய பேறு கிட்டுவது எளிதன்று. ஆயினும் 2010ஆம் ஆண்டிலே, அந்நாட்டின் 1953ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டத்தின்கீழ் கத்திபோவுக்கு முழுப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. மனிதரைக் கடித்து நோவுறுத்தக் கூடிய ஓர் எட்டுக்காற் பூச்சியைக் கொல்வது குற்றம் என ஒரு நாடு சட்டம் செய்தது பாராட்டுக்குரிய செய்தியன்றோ?

சட்டம் கொல்வதைத் தடுக்கும். மணலைத் திருப்பித் தரமாட்டாது. அதனைத் தருவது, எம் மாணவர் சேர்ந்துள்ள குழுவைப் போன்ற தொண்டர்களின் உழைப்பு. மராமை அகற்றிப் பீங்காவை நாற்று வைத்து நடுகிறார்கள். முயல் தின்னாதவாறு காக்கிறார்கள். சிலந்தி திரும்பியதா என்று அறிவதற்கு, மரப்பலகைகளைக் குன்றிலே வைத்து, அனுமதி பெற்ற ஆய்வாளர் காலந்தோறும் புரட்டிப் பார்க்கிறார்கள். "சேர், பத்துப் பலகை பார்த்தால் ஒன்பதில் ஒன்றும் இராது. பத்தாவதில் ஒன்று இருந்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா" என்றார் அவர்.

புருவமும் மீசையும்

பீங்காவைப் பற்றி மாவோரி மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. வனங்களின் தெய்வமாகிய தாநேக்கும், கடலின் தெய்வமாகிய தங்கரோவாவுக்கும் பெரும் பகை. உடன்பிறந்தாராகிய அவ்விருவரிடையே சமாதானம் விரும்பித் தாநே தன் புருவங்களைப் பிடுங்கிச் சகோதரனுக்குக் காணிக்கையாக அளித்தான். சினம் தணியாத தங்கரோவா அவற்றைக் கரையிலே வீசி எறிந்தான். அன்று தொட்டு, கடலுக்கும் காட்டுக்கும் நடுவே அப்புருவம் பொன்னிறக் கோரையாய் முளைத்து நிற்கிறதாம்.

இதனைக் கேட்டவுடன் நம் நாட்டுக் கடற்கரைப் புல்லொன்று எம் நினைவுக்கு வந்தது. கூரிய இலையும், முட்பந்து போன்ற பூங்கொத்தும் உடைய அதற்கு நம்மவர் இட்ட பெயர் இராவணன் மீசை. நியூசிலாந்திலும் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு புல், சிறப்பாக வடதீவின் குன்றுகளில் வளர்கின்றது. அதன் அடியிலும் கத்திபோ வலை கட்டும். இரண்டினதும் விதைப்பந்துகள் முற்றியதும் கழன்று காற்றோடு கரை நெடுக உருண்டோடும். இங்கே நம் பிள்ளைகள் அவற்றைத் துரத்துகிறார்கள். அங்கே அந்நாட்டுப் பிள்ளைகள் துரத்துகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு தீவு மக்கள், மணலைக் கட்டும் புல்லிலே ஒருவர் புருவத்தையும் மற்றவர் மீசையையும் கண்டனர். நிலத்திற்கும் ஒரு முகம் உண்டு என இருவரும் உணர்ந்தனர் போலும்.

நம் நாட்டில் கத்திபோ இல்லை. ஆனால் மணற்குன்றுகள் உண்டு. மணற்காட்டிலே பழைய தேவாலயத்தின் இடிந்த சுவர்களைச் சூழ்ந்து கிடக்கும் வெண்மணலையும், அதனருகே உள்ள சவுக்குத் தோப்பையும் கண்டோர் பலர். வீடு கட்ட மணல் வேண்டும் என்று அகழ்வோரும் உளர். காற்றைத் தடுக்க மரம் வேண்டும் என்று நடுவோரும் உளர். இரு தேவையும் மெய்யே. அந்த மணலிலே எவ்வெவ்வுயிர்கள் குடியிருக்கின்றன, அவற்றுக்கு வேண்டுவன எவை என்பதையும் யாரேனும் எண்ணிக் கணக்கிட்டு வைத்தல் நன்று.

அதற்கு மாணவரே தக்கவர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பயிற்சிக் கொப்பி, ஒரு பென்சில், சற்றுப் பொறுமை இவை போதும். விடுமுறையில் கடற்கரைக்குச் செல்லும்போது, இராவணன் மீசையின் அடியிலே எந்தப் பூச்சி ஊர்கிறது, எந்தச் சிலந்தி நூல் கட்டுகிறது, எம்மாதத்தில் முட்டைப்பை தொங்குகிறது என்று நாளும் இடமும் குறித்துவைக்கலாம். கையால் தொடாது கண்ணாற் காண்க. மரத்துண்டைப் புரட்ட நேர்ந்தால் தடியொன்றினாற் புரட்டி, பார்த்தபின் இருந்தவாறே மீள வைக்க. புரட்டிய துண்டை அவ்வாறே விட்டுச் செல்வது, ஒருவர் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.